‘தினமும் நடங்க’: ஒரு மருந்துச்சீட்டு வரியை வாசித்தல்

ஐம்பது வயதை ஒட்டிய பெண்களின் மருந்துச்சீட்டில் மாத்திரைகளின் பெயர்களுக்குக் கீழே அநேகமாக ஒரு வரி இருக்கும். ‘வாக்கிங் 45 நிமிடம், தினமும்.’ மாத்திரைக்குக் காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று குறிப்பு உண்டு. இந்த வரிக்கு அப்படி எந்தக் குறிப்பும் கிடையாது. எங்கே நடப்பது, எப்போது நடப்பது, அந்த நேரத்தில் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்வது யார், முழங்கால் ஒத்துழைக்குமா, வழியில் சிறுநீர் முட்டினால் என்ன செய்வது என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தபோது எனக்கும் இந்த வரி எழுதித் தரப்பட்டது. டாக்டர் அதை எழுத எடுத்துக்கொண்ட நேரம் ஐந்து நொடி இருக்கலாம்.

எனக்குப் பின்னால் வரிசையில் இருந்த பெண் நான்கு வீடுகளில் வேலை செய்பவர். வெளியே மருந்து வாங்கும் இடத்தில் மறுபடி பார்த்தேன். அவருக்கும் அதே வரிதான். “நான் நடக்காத நடையாம்மா?” என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்ததா, களைப்பு இருந்ததா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை விட்டுவிட முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

நாளிதழ் இணைப்புகளிலும், பெண்கள் இதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களிலும், மருத்துவமனைச் சுவரொட்டிகளிலும், மகளிர் தினக் கூட்டங்களின் உரைகளிலும் இந்த ஒரு வரிதான் விரித்து எழுதப்படுகிறது. அதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு படித்துப் பார்க்கலாம். அது எதை அறிந்திருக்கிறது, எதை அறியாமல் இருக்கிறது, யாரைப் பார்த்துப் பேசுகிறது, யாரைப் பார்க்கவே இல்லை?

முதலில், அது சொல்லும் உண்மை

விமர்சனம் என்றால் மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடை நல்லது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு அது ஏன் நல்லது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டே மேலே போக வேண்டும். சொல்லாமல் விட்டால், ‘அதெல்லாம் சும்மா’ என்ற அலட்சியத்துக்கு நாமும் துணைபோனதாகிவிடும்.

பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராமல் இருந்தால் அதை மெனோபாஸ் என்கிறார்கள். இந்தியப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. மேலை நாடுகளில் 51. சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைக் குறைக்கும்போது கருப்பையில் மட்டும் மாற்றம் நிகழ்வதில்லை. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு, வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. அந்தக் கொழுப்பு இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். கூடும். இரத்த அழுத்தம் மெல்ல ஏறும். வயதோடு தசையும் குறைந்துகொண்டே வரும். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.யைத் தாண்டினாலே கவனம் தேவை என்று மருத்துவ அமைப்புகள் வரையறுத்திருக்கின்றன. எடை இயந்திரம் பெரிதாக எதுவும் காட்டாதபோதே நமக்குச் சர்க்கரை வரலாம் என்பதுதான் இதற்குப் பொருள்.

இங்கேதான் நடை உதவுகிறது. தசை சுருங்கும்போது, இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் இரத்தத்திலிருந்து குளுக்கோஸை நேரடியாக எடுத்துக்கொள்ளும். பூட்டிய வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு வழி திறப்பது போல. நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம் தசைகள் இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கின்றன. அமெரிக்கச் செவிலியர் நலன் ஆய்வில் 70,102 பெண்களைப் பின்தொடர்ந்து 1999-ல் வெளியிட்ட முடிவு, வேகமான நடை டைப் 2 நீரிழிவு வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்றது. செலவாகும் ஆற்றல் சமமாக இருந்தால், கடுமையான உடற்பயிற்சி தரும் பலனுக்கு நடையின் பலன் குறைந்ததல்ல என்றும் சொன்னது. 2002-ல் மாதவிடாய் நின்ற 73,743 பெண்களை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு, இதய நோய் விஷயத்திலும் ஏறத்தாழ இதையே சொன்னது. அவர்கள் 50 முதல் 79 வயதுவரை உள்ளவர்கள். நீண்ட நேரம் உட்கார்ந்தே இருப்பது ஆபத்தைக் கூட்டுகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

ஆக, மருந்துச்சீட்டின் வரி பொய் சொல்லவில்லை. அது பாதியைச் சொல்கிறது.

பத்தாயிரம் யாருடைய எண்?

நடையைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் ஒரு எண் வந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு 10,000 அடிகள். கைக்கடிகாரமும் கைபேசியும் அந்த எண்ணைத் தொட்டால் பட்டாசு கொளுத்துகின்றன, தொடாவிட்டால் நினைவூட்டுகின்றன. இது எந்த ஆய்வகத்திலிருந்தும் வந்த எண் அல்ல. 1965-ல் ஜப்பானில் யமாசா என்ற கடிகார நிறுவனம் ஒரு நடைமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் ‘மான்போ கெய்’. பத்தாயிரம் அடி மானி என்று பொருள். உருண்டையான, நினைவில் நிற்கும் ஓர் எண். விற்பனைப் பெயர் மெல்ல மருத்துவ அறிவுரையாக மாறியது.

அந்த எண்ணை வயதான பெண்களிடம் சோதித்துப் பார்க்க 2019 வரை ஆனது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ தலைமையிலான குழு, சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களின் அடிகளைக் கருவி வைத்து எண்ணியது. ஒரு நாளைக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், சுமார் 4,400 அடி நடந்தவர்கள் அந்த ஆய்வுக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்குப் பிறகு பலன் மேலும் கூடவில்லை. நடந்த அடிகளின் எண்ணிக்கையைக் கணக்கில் கொண்ட பிறகு, எவ்வளவு வேகமாக நடந்தார்கள் என்பது பெரிய வேறுபாட்டைக் காட்டவில்லை.

இது கவனித்துப் பார்த்த ஆய்வு. உடல் நலமாக இருப்பவர்களே அதிகம் நடப்பார்கள் என்ற சந்தேகத்தை இத்தகைய ஆய்வுகளில் முழுமையாக நீக்க முடியாது. பங்கேற்ற பெண்களும் பெரும்பாலும் வெள்ளை இன அமெரிக்கர்கள், படித்தவர்கள். இருந்தும் இதில் நமக்கு ஒரு விடுதலை இருக்கிறது. 10,000 என்பதைப் பார்த்து மலைத்து, ‘அவ்வளவு என்னால் முடியாது’ என்று தொடங்காமலேயே விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! நாள் முழுவதும் 2,500 அடியில் இருக்கும் ஒருத்தி இன்னும் 2,000 அடி கூட்டினாலே பெரிய காரியம் என்று அந்தச் சுவரொட்டிகள் ஏன் சொல்வதில்லை?

2007-ல் அமெரிக்காவின் டல்லாஸில் இருந்து வந்த ஒரு சோதனையையும் இங்கே சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற, உடல் எடை கூடிய, உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 464 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி இல்லை. மற்ற மூன்று பிரிவுகளுக்கு அப்போதைய பரிந்துரையில் பாதி, முழு அளவு, ஒன்றரை மடங்கு என ஆறு மாதம் நடை இயந்திரத்திலும் மிதி இயந்திரத்திலும் பயிற்சி. மிகக் குறைந்த அளவு பயிற்சி செய்த பிரிவினருக்கு வாரத்துக்குச் சுமார் 72 நிமிடங்கள்தான் அமைந்தன. ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்குச் சற்று அதிகம். அவர்களுடைய இதய, நுரையீரல் திறனும்கூடக் கூடியது. பயிற்சி கூடக் கூடத் திறனும் கூடியது. எடையில் மட்டும் பிரிவுகளுக்கு இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் பயிற்சி செய்த எல்லோருக்கும் இடுப்புச் சுற்றளவு குறைந்தது.

இந்த முடிவை நம் வீட்டுப் பேச்சோடு வைத்துப் பாருங்கள். “மூணு மாசமா நடக்குற, ஒரு கிலோ குறையலையே?” என்று கேட்கும் மகனுக்கும் கணவருக்கும், ‘ஒழுங்கா நடக்கல போலிருக்கு’ என்று எடை இயந்திரத்தைப் பார்த்து முடிவுகட்டும் டாக்டருக்கும் இது பதில். எடை குறையாமலேயே நடை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். பெண்ணின் உடலை அளப்பதற்கு எடை ஒன்றையே கருவியாக வைத்திருக்கும் பழக்கம் மருத்துவத்துக்கு முன்பே நம்மிடம் இருக்கிறது. கல்யாணச் சந்தையில் தொடங்கிய அந்தத் தராசு ஐம்பது வயதிலும் நம்மைவிட்டு இறங்குவதில்லை.

எண்ணப்பட்ட உடல்கள்

நடமாட்டத்துக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை நவீன மருத்துவம் முதலில் கண்டது ஒரு பேருந்தில். லண்டன் மாடிப் பேருந்துகளில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களையும், படியேறி இறங்கிய நடத்துநர்களையும் ஜெர்ரி மோரிஸ் ஒப்பிட்டார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1953-ல் எழுதினார். மிக அழகான ஆய்வு. அதில் இருந்த அனைவரும் ஆண்கள். முதுமை பற்றிய புகழ்பெற்ற பால்டிமோர் நீள்கால ஆய்வு 1958-ல் தொடங்கியது. அதில் பெண்களைச் சேர்த்தது 1978-ல். இருபது வருடம் முதுமை என்பது ஆண்களின் முதுமையாக மட்டுமே இருந்தது.

நம் ஊருக்கு வருவோம். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு, உணவு மாற்றமும் நடையும் சேர்ந்த வாழ்க்கைமுறை மாற்றம் மட்டும், மாத்திரை மட்டும், இரண்டும் சேர்த்து, எதுவும் சிறப்பாகத் தராமல் என்று நான்காகப் பிரித்தார்கள். மூன்று வருடத்தில், எதுவும் தராத பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. வாழ்க்கைமுறை மாற்றம் செய்தவர்களில் 39.3 விழுக்காடு. மாத்திரைக்குச் சமமான பலன். ஒல்லியாக இருந்தாலும் சர்க்கரை வரும் இந்திய உடலிலும் நடையும் உணவும் வேலை செய்யும் என்று காட்டிய, நாம் பெருமைப்பட வேண்டிய ஆய்வு அது.

அந்த 531 பேரில் ஆண்கள் 421. பெண்கள் 110. சராசரி வயது ஏறத்தாழ 46. நம் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயதும் ஏறத்தாழ அதுதான். ஐந்தில் ஒருவர் பெண் என்ற கணக்கில் திரட்டிய அறிவு, ‘இந்தியர்களுக்கு’ என்ற சொல்லில் நம்மிடம் திரும்பி வருகிறது. ஆய்வாளர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஒரு நடுத்தர வயதுப் பெண் மாதக்கணக்கில் ஆய்வுக்கூடத்துக்கு வந்து இரத்தம் கொடுத்துப் போக அவளுக்கு நேரம் வேண்டும், வீட்டின் சம்மதம் வேண்டும், பேருந்துக் காசு வேண்டும். யாரால் வர முடிகிறதோ அவர்களின் உடல்தான் அறிவியலாகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அதே ஆய்வில் ஒரு நல்ல பழக்கமும் இருந்தது. உடலுழைப்பு வேலை செய்பவர்களையும், நாள்தோறும் அரைமணி நேரத்துக்கு மேல் நடப்பவர்களையும் சைக்கிள் மிதிப்பவர்களையும், இருப்பதையே தொடருங்கள் என்றார்கள். உட்கார்ந்த வேலை செய்பவர்களை மட்டும் புதிதாக அரைமணி நேரம் நடக்கச் சொன்னார்கள். முதலில் கேட்டார்கள், பிறகு சொன்னார்கள். நம் மருந்துச்சீட்டு இழந்துவிட்டது இந்த வரிசையைத்தான்.

எந்த நடை நடையாகும்?

“எக்ஸர்சைஸ் உண்டா?” என்று கேட்டால் நம் பெண்கள் பெரும்பாலும் “இல்லை” என்பார்கள். அந்தப் பதில் ஏட்டில் ‘உடல் உழைப்பற்றவர்’ என்று பதிவாகும். இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடங்கள் அதில் செலவிடுகிறார்கள் என்கிறது. ஆண்கள் 97 நிமிடங்கள். அதுவும் அந்த வேலையில் ஈடுபடுகிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால். அப்படி ஈடுபடும் ஆண்கள் நான்கில் ஒருவர், பெண்கள் ஐந்தில் நால்வர். குனிந்து பெருக்குவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, துணி பிழிந்து மொட்டைமாடிக்குப் போய்க் காயப்போடுவது எல்லாம் இந்த 299 நிமிடங்களுக்குள் அடக்கம்.

அப்படியானால் வீட்டு வேலையே போதுமா? “அந்தக் காலத்துல அம்மி அரைச்சாங்க, ஆட்டுக்கல்லு சுத்தினாங்க, நோயே வரல” என்று சொல்லிப் பெண்களைச் சமையலறைக்கே திருப்பி அனுப்புகிற ஒரு பேச்சு உலவுகிறது. அதையும் ஏற்க முடியாது. நின்றுகொண்டே சமைப்பது மூச்சு வாங்க வைக்கும் வேலை அல்ல. அது காலையும் இடுப்பையும் வலிக்க வைக்கும் வேலை. களைப்பு உண்டு, இதயத்துக்குப் பயிற்சி இல்லை. வேலையில் செய்யும் உழைப்பும் ஓய்வில் செய்யும் நடையும் உடலுக்கு ஒரே பலனைத் தருவதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் பல வருடங்களாக எழுதிவருகிறார்கள். வேலையில் நேரத்தையும் வேகத்தையும் நாம் தீர்மானிப்பதில்லை. இளைப்பாற இடைவெளி இல்லை. இரத்த அழுத்தம் நீண்ட நேரம் ஏறியே இருக்கும். ஆனால் இதிலும் ஒரு சிக்கல். 2018-ல் வெளியான தொகுப்பாய்வில் கடும் உழைப்பின் தீமை ஆண்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. பெண்களிடம் அப்படித் தெரியவில்லை.

நான்கு வீடு நடக்கும் அந்தப் பெண்ணுக்கு என்ன பதில்? வீட்டுக்கு வீடு அவர் நடக்கும் நடை உண்மையான நடை. அது கணக்கில் வர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் என்றது. ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை நீக்கியது. வீட்டு வேலையையும் வேலைக்குப் போகும் வழியையும் உடலியக்கத்தின் விளக்கத்துக்குள் வைத்தது. ஆகவே அவருக்குத் தேவை இன்னொரு 45 நிமிடம் அல்ல. அவருக்குத் தேவை நேரத்துக்குச் சாப்பாடு, இரவில் ஏழு மணி நேரத் தூக்கம், உட்கார்ந்து இளைப்பாற அரைமணி, முழங்காலுக்கும் முதுகுக்கும் வைத்தியம், வாரத்தில் ஒருநாள் விடுமுறை. இதை எந்தச் சீட்டில் எழுதுவது? எழுதினால் மருந்துக்கடையில் கிடைக்குமா?

மாறாக, கணினி முன்பு எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து நின்றுகொண்டே சமைக்கும் என்னைப் போன்றவளுக்கு அந்த 45 நிமிடம் தேவை. இருவருக்கும் ஒரே வரியை எழுதும் கைக்கு, நாங்கள் இருவரும் ‘மெனோபாஸ் கேஸ்’. எங்களுக்கு இடையில் வர்க்கமும் சாதியும் இருப்பது அந்தக் கைக்குத் தெரியாது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு

2013-ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. அறுபது வயதைக் கடந்த, சர்க்கரை வரும் வாய்ப்புள்ள பத்தே பேர். காலையில் ஒரேயடியாக 45 நிமிடம் நடப்பதையும், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்பும் 15 நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டார்கள். நாள் முழுவதுக்குமான சர்க்கரை அளவைக் குறைப்பதில் இரண்டும் உதவின. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியது சாப்பிட்ட பிறகு நடந்த நடைதான். பத்துப் பேரை வைத்து ஊருக்கே விதி எழுத முடியாது. ஆனால் உடலின் இயக்கத்தோடு பொருந்தும் முடிவு இது. உணவிலிருந்து சர்க்கரை இரத்தத்துக்கு வரும் நேரத்தில் தசை வேலை செய்தால் அதை அப்போதே எடுத்துக்கொள்கிறது.

இப்போது நம் வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய 15 நிமிடத்தை யோசித்துப் பாருங்கள். எல்லோருக்கும் தோசை ஊற்றிப் போட்டுவிட்டுக் கடைசியில் அவள் சாப்பிட உட்காரும்போது மணி பத்து. சாப்பிட்ட கையோடு பாத்திரம், அடுப்பு மேடை, நாளைக்கு ஊறப்போட வேண்டியது, மாமியாருக்கு மாத்திரை. கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, “சாப்பிட்டது செரிக்கணும், ஒரு நடை போயிட்டு வரேன்” என்று தெருமுனைக்குப் போவார். மருத்துவரீதியாக மிகப் பயனுள்ள அந்த 15 நிமிடம் வீட்டில் ஏற்கெனவே யாருக்கோ ஒதுக்கப்பட்டிருக்கிறது. ‘உங்களுக்காகக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்’ என்று பெண்கள் பக்கங்கள் நமக்குத்தான் அறிவுரை சொல்கின்றன. பாத்திரம் கழுவச் சொல்லி அவரிடம் எந்த இதழும் எழுதுவதில்லை. மனைவியின் சர்க்கரை அளவைப் பாத்திரம் கழுவும் கணவரால் குறைக்க முடியும் என்பது ஒரு நல்ல சுவரொட்டி வாசகம். யாரும் அச்சடிப்பதில்லை.

தெரு

தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டன. நடையை அரசின் பொறுப்பாகவும் பார்த்த வகையில் இது வரவேற்க வேண்டியது. ஆனால் எட்டு கிலோமீட்டர் என்றால் ஏறத்தாழ 10,000 அடி. அந்த ஜப்பானியக் கடிகார எண் இங்கேயும் வந்துவிட்டது. நடைக்கென்று ஊருக்கு ஒரு பாதை என்பது, அந்தப் பாதைவரை வந்து சேரக்கூடியவர்களுக்கான பாதை. நமக்கு வேண்டியது நம் தெருவிலேயே, பள்ளமும் சாக்கடை மூடியும் நிறுத்திவைத்த பைக்கும் இல்லாத, விளக்கு எரியும் 500 மீட்டர். அதில் நான்கு முறை போய் வந்தால் போதும்.

விடிகாலையில் நடக்கும் பெண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? தாலிச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டோ, துப்பட்டாவால் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டோதான் கிளம்புவாள். நாய்க்கு ஒரு குச்சி. சேலை கட்டிய பழக்கத்தில் இருப்பவள் சுடிதாருக்கு மாற, ‘இந்த வயசுல’ என்ற வீட்டுப் பார்வையைத் தாண்டியிருப்பாள். இவற்றோடு யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது சிறுநீர்ப்பாதையின் திசுக்களும் மெலிகின்றன. பிரசவங்களில் தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளும் சேர்ந்துகொள்ள, இருமினாலோ வேகமாக நடந்தாலோ சிறுநீர் கசியும். பல பெண்கள் நடையை நிறுத்துவது சோம்பலால் அல்ல, இந்தக் கசிவுக்குப் பயந்துதான். இடுப்புத்தளப் பயிற்சி, சில நேரம் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு என்று இதற்கு வைத்தியம் உண்டு. நடக்கச் சொல்லும் முன் இதைக் கேட்க வேண்டும். கேட்பதில்லை. பூங்காவில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடப்பதும், மருத்துவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதும் ஒரே மறதியின் இரண்டு முகங்கள்.

இத்தனைக்கும் நடுவே அந்த மருந்துச்சீட்டு வரிக்கு எதிர்பாராத ஒரு பயனும் உண்டு. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011-ல் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ நூல், பெண்கள் பொதுவெளியில் இருப்பதற்கு எப்போதும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது என்று வாதிட்டது. காய்கறி, பள்ளிக்கூடம், கோயில், வேலை. காரணமில்லாமல் தெருவில் இருக்கும் பெண் சந்தேகத்துக்குரியவள். ‘டாக்டர் சொன்னாரு’ என்பது நமக்குக் கிடைத்த புதிய காரணம். முப்பது வருடமாகக் காய்கறிப் பை இல்லாமல் தெருவில் இறங்காத ஒருத்தி, வெறுங்கையை வீசிக்கொண்டு, பக்கத்து வீட்டுத் தோழியோடு சத்தமாகப் பேசிக்கொண்டு நடக்கிறாள். சர்க்கரை அவளுக்கு வாங்கித் தந்த அனுமதி அது. நோய் வந்தால்தான் அனுமதி என்பது வருத்தம்தான். கிடைத்த அனுமதியை விட்டுவிடவும் கூடாது.

நடையால் முடியாதது

நடையைப் புகழும் எழுத்து அதன் எல்லையைச் சொல்லாதபோது, தவறு நம் தலையில் விழுகிறது. நடந்தும் சர்க்கரை ஏறினால் ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளாதவள்’ ஆகிவிடுகிறோம். பரம்பரை, கர்ப்ப காலத்தில் வந்த சர்க்கரை, சிறு வயதிலேயே கருப்பையோடு சூலகங்களையும் எடுத்ததால் முன்கூட்டியே வந்த மெனோபாஸ், வியர்த்து விழித்தெழும் இரவுகள், மன அழுத்தம் எல்லாமே சர்க்கரையின் கணக்கில் வரும். இவற்றை நடந்தே சரிசெய்துவிட முடியாது. நடை தசையின் வலிமையையும் பெரிதாகக் கூட்டாது. அதற்கு வாரத்தில் இரண்டு நாளாவது தசையை எதிர்ப்புக்கு எதிராக இயக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது அதே 2020 வழிகாட்டுதல். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவது போன்றவை போதும். செலவில்லை. ஆனால் ‘வயதான பெண்ணுக்கு நடை, இளைஞனுக்கு எடைப்பயிற்சி’ என்ற பழைய பிரிவினை இந்த அறிவுரை நம்மிடம் வராமல் தடுக்கிறது. நடையில் அடக்கம் இருக்கிறது, வலிமையில் அது இல்லை என்று யாரோ எப்போதோ முடிவுசெய்துவிட்டார்கள். மாத்திரை தேவைப்படும் இடத்தில் மாத்திரைதான் தேவை. நடை அதற்குப் பதில் அல்ல. எழுதிக் கொடுத்த மாத்திரையை, ‘நடந்து பார்த்துக்கிறேன்’ என்று நிறுத்திவிட வேண்டாம்.

வரியைத் திருத்தி எழுதுதல்

விமர்சனத்தின் முடிவில் திருத்தமும் இருக்க வேண்டும். ‘வாக்கிங் 45 நிமிடம், தினமும்’ என்ற வரிக்கு முன்னால் ஐந்து கேள்விகளை வைப்பேன். ஒரு நாளில் இப்போது எவ்வளவு நடக்கிறீர்கள், வேலைக்காக நடப்பதையும் சேர்த்து? எப்போது உட்காருகிறீர்கள்? எங்கே வலிக்கிறது? சிறுநீர் கசிகிறதா? நீங்கள் வெளியே போகும் நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்? இதற்கு மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. கேட்காவிட்டால் நாமாகவே சொல்லலாம். சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போகலாம்.

நான் இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் நடக்கிறேன். அதற்காக முதலில் செய்ய வேண்டியிருந்தது செருப்பு வாங்குவது அல்ல. “பாத்திரம் என் வேலை இல்லை, இனிமே நீங்க பாருங்க” என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொல்ல வேண்டியிருந்தது. முதல் வாரம் பாத்திரங்கள் காலைவரை அப்படியே கிடந்தன. நான் தொடவில்லை. இரண்டாம் வாரம் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

நான்கு வீடு நடக்கும் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல என்னிடம் அப்படி ஒரு கதை இல்லை. அவர் வேலை செய்யும் நான்கு வீடுகளில் ஒன்று என்னைப் போன்ற ஒருத்தியின் வீடு. அங்கே உட்கார ஒரு நாற்காலியும், நேரத்துக்குச் சாப்பாடும், சம்பளத்தோடு வாரத்தில் ஒருநாள் விடுமுறையும் இருக்கிறதா என்ற கேள்வியும் நம் நடையைப் பற்றிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் அவரை நடக்கச் சொல்ல நமக்கும் உரிமை இல்லை.